பதினைந்து விநாடிக்கு மேல்

என் அண்ணனைப் பற்றி இப்போது பத்திரிகைகளில் நிறைய எழுதுகிறார்கள். டிஸ்க்கில் இருப்பதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் அழிக்க வழி கண்டுபிடித்தவர், பன்னிரண்டு வருடம் விடாப்பிடியாக உழைத்தவர், எளிமையானவர், டீகூடக் குடிக்காதவர் என்று. எல்லாம் உண்மைதான். டீ குடிக்காததை எதற்கு எழுதுகிறார்கள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை. அந்தக் கண்டுபிடிப்பில் முதன்முதலாக அழிந்தது எது என்று ஒருத்தரும் கேட்டு எழுதவில்லை. கேட்டிருந்தாலும் அவன் சொல்லியிருக்க மாட்டான். அதனால் நான் சொல்கிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நடுவில் யாரையாவது திட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அழிப்பது என்றால் நீங்கள் நினைப்பது போல் இல்லை. கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலை அழிக்கிறீர்கள். அது குப்பைக்கூடைக்குப் போகிறது. கூடையையும் காலி செய்துவிட்டு, தலைமுழுகியாயிற்று என்று எழுந்து போகிறீர்கள். ஒன்றும் போகவில்லை. புத்தகத்தின் பொருளடக்கத்தில் ஒரு வரியைப் பேனாவால் அடித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். பக்கம் பத்திரமாக உள்ளேயே இருக்கிறது. அதைத் தேடி எடுக்க என்னை மாதிரி ஒருத்தி போதும்.

அண்ணன் ஒருமுறை பழைய சாமான் கடையில் இரண்டு டிஸ்க் வாங்கி வந்தான். பிரித்துப் பார்ப்பதற்குத்தான். சும்மா இராமல் உள்ளே என்ன இருக்கிறது என்று தோண்டிவிட்டான். ஏதோ ஓர் ஆஸ்பத்திரியின் பதிவேடு. ஒரு பெண்ணுக்கு வந்திருந்த நோய், அதைக் கணவனிடம் சொல்லிவிடாதீர்கள் என்று அவள் டாக்டரிடம் கெஞ்சியது, டாக்டர் அதையும் குறித்து வைத்தது, எல்லாமே வீட்டு விலாசத்தோடு இருந்தன. அவன் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "அந்தப் பொண்ணு இப்ப எங்கயோ நின்னு காய் வாங்கிட்டு இருக்கும். அதோட ரகசியம் என் மேஜை மேல கெடக்கு" என்று அண்ணியிடம் புலம்பியிருக்கிறான்.

அப்போது வந்த யோசனைதான் அது. டிஸ்க் முழுவதையும் வேறு எதையாவது எழுதி மூடினால் பழையது போய்விடும். ஆனால் அதற்கு மணிக்கணக்காகும், கெட்டுப்போன டிஸ்க்கில் அதுவும் முடியாது. அண்ணன் தலைகீழாக யோசித்தான். எழுதும்போதே பூட்டி எழுத வேண்டும். டிஸ்க் தனக்குள்ளேயே ஒரு சாவியை வைத்துக்கொள்ளும். எதை எழுதினாலும் அந்தச் சாவியால் தாறுமாறாகக் குழப்பித்தான் எழுதும். படிக்கும்போது அதே சாவியால் சரிசெய்து கொடுக்கும். உங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அழிக்க வேண்டுமா, சாவியை மட்டும் தூக்கி எறிந்தால் போதும். மிஞ்சுவது வெறும் இரைச்சல்.

கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! தூக்கி எறிவதில்தான் அவனுடைய பன்னிரண்டு வருடம் போயிற்று. டிஸ்க் ஒரு கஞ்சப் பிசினாறி. ஒரு மூலை பலவீனமாகிவிட்டால் அங்கிருப்பதை வேறு மூலைக்கு நகல் எடுத்துக்கொள்ளும், பழையதையும் விடாது. எறிந்த சாவியின் நகல் ஏதாவது ஒரு பொந்தில் கிடக்கும். அதைக் கண்டுபிடிப்பதுதான் அண்ணன் வேலை பார்த்த கம்பெனி லேபில் என் வேலை. அண்ணன் சிபாரிசில் வந்தவள் என்று முதலில் எல்லோரும் வாய்க்குள் பேசினார்கள். ஆறாவது மாதம் முதல் பொந்தைக் கண்டுபிடித்தேன். அதன் பிறகு எனக்கு மோப்பம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அண்ணனுக்கு ஏற்கெனவே சைபர் என்று பெயர். எதை எண்ணினாலும் சைபரிலிருந்துதான் எண்ணுவான், மாடிப்படியைக்கூட.

ஒரு பதிப்பை அவன் செய்து கொடுப்பான். நான் அதை உடைப்பேன். அவன் அந்த ஓட்டையை அடைத்து அடுத்த பதிப்பைச் செய்வான். பதினொரு பதிப்பு, பதினொரு ஓட்டை. அத்தனையும் நான் காட்டி, அவன் அடைத்தவை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அழிந்த டிஸ்க்கைப் படித்தால் இரைச்சல்தான் வரும். அதில் எதையோ மீட்டெடுத்தோம் என்றால், எடுத்தது சரியானதா என்று எப்படித் தெரியும்? அதனால் அண்ணன் ஒரு வழக்கம் வைத்தான். ஒவ்வொருவரும் தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு ஒலிப்பதிவைக் கொண்டுவர வேண்டும். "தெரிஞ்ச குரலா இருக்கணும். தெரியாததைத் தேடுனா, கெடச்சாலும் கெடச்சது தெரியாது" என்பான். எல்லோரும் வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். கூடவே ஒரு விதியையும் அச்சடித்துச் சுவரில் ஒட்டினான். அடுத்தவருடைய பதிவைப் பதினைந்து விநாடிக்கு மேல் கேட்கக் கூடாது. அடையாளம் தெரிய அது போதும், மீதி அவரவர் வீட்டு விஷயம்.

நான் என் வீட்டுக்காரரின் குரலைக் கொண்டுபோனேன்.

அவர் லாரி ஓட்டுகிறவர். போனால் பத்து நாள், பன்னிரண்டு நாள். பல இடங்களில் போன் எடுக்காது. வண்டியை ஓரம்கட்டிவிட்டு போனில் பேசிப் பதிவு செய்து வைத்துக்கொள்வார், சிக்னல் வந்ததும் எனக்கு அனுப்பிவிட்டுத் தன் போனிலிருந்து அழித்துவிடுவார். சின்னதாகப் பேசத் தெரியாது அந்த மனுஷருக்கு. அரை மணி, முக்கால் மணி. வழியில் பார்த்த மழை, கிளீனர் செய்த கூத்து, டீசல் போட்ட இடத்தில் நடந்த சண்டை, ஒன்று விடாமல் சொல்வார். எனக்கு எங்கே பொறுமை? சமைத்துக்கொண்டே கொஞ்சம் கேட்பேன், வேகமாக ஓட்டிக் கொஞ்சம் கேட்பேன், மீதியை விட்டுவிடுவேன். வந்தவுடன் "கேட்டியா?" என்பார். "கேட்டேன், கேட்டேன்" என்பேன். எந்த வீட்டில்தான் இது நடக்கவில்லை?

லேபுக்குக் கொண்டுபோன பதிவு நாற்பத்தொரு நிமிடம். அதன் ஆரம்பம் இது:

"அடியே கோவக்காரி, போனை அணைச்சிடாத. இன்னிக்கு உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அதுக்கு முன்னாடி இந்தப் பின் டயர் கதைய முடிச்சிடறேன், இல்லன்னா மறந்துடும்." பிறகு ஒரு தும்மல். பிறகு வண்டிக் கதவைச் சாத்தும் சத்தம். பதினைந்து விநாடி முடிந்தது.

அது என் போனுக்கு வந்த அன்றைக்கு வீட்டில் டயர் கதையில் ஒரு நிமிடம்கூடக் கேட்டிருக்க மாட்டேன், அணைத்துவிட்டேன். அவர் ஊர் திரும்பிய அன்று, நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்.

"கேட்டியா?"

"கேட்டேன், கேட்டேன்."

"முழுசாவா?"

"முழுசாத்தான்."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "சரி, அப்ப நீ என்ன சொல்ற?"

"நான் என்ன சொல்றது? டயரை மாத்தித் தொலைங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். பதிவில் என்னிடம் ஏதோ கேட்டிருக்கிறார் என்று எனக்கு அப்போதே உறைத்தது. ராத்திரி போட்டுக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ராத்திரி தூங்கிப்போனேன். அடுத்த வாரம் லேபில் புதிய பதிவு கேட்டார்கள். பதினைந்து விநாடிக்குள் ஆளையே கண்முன் நிறுத்துகிறதே என்று இதைக் கொண்டுபோனேன். என் போனில் இடம் நிரம்பிப்போய்க் கத்திக்கொண்டிருந்தது, அதிலிருந்து அழித்துவிட்டேன். டிஸ்க் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறவள், இதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் எது என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

லேபில் அந்தப் பதினைந்து விநாடி எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்டது. வேலை தள்ளிப்போனால் "அதுக்கு முன்னாடி டயர் கதைய முடிச்சிடறேன்" என்பார்கள். மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பெண் என் பக்கத்து மேஜையில் இருந்தாள், கண்ணாடி என்றே கூப்பிடுவோம். அவள் அந்தத் தும்மலையும் சேர்த்துச் செய்து காட்டுவாள். அவரிடம் போய்ச் சொன்னேன். "உன் ஆபீஸ்ல எனக்கு இவ்வளவு பேரு இருக்கா!" என்று அவருக்கு ஒரே பெருமை.

எட்டாவது பதிப்புக்கும் ஒன்பதாவது பதிப்புக்கும் நடுவில் அவர் போய்விட்டார். மலைப்பாதை, மழை, பிரேக் பிடிக்கவில்லை. வண்டியை மூன்றாம் நாள் தூக்கினார்கள். போன் கிடைக்கவே இல்லை.

மூன்று வாரம் கழித்து வேலைக்குப் போனேன். ஒன்பதாவது பதிப்பு எனக்காகக் காத்திருந்தது. யாரும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. நாலு நாள் தோண்டினேன். ஐந்தாம் நாள் காலை சாவியின் நகல் ஒரு பொந்தில் கிடைத்தது. போட்டுப் பார்த்தேன். ஸ்பீக்கரில் இரைச்சல் கரைந்து, "அடியே கோவக்காரி, போனை அணைச்சிடாத" என்றார். கண்ணாடி பதறிக்கொண்டு ஓடிவந்து அணைக்கப் போனாள். "விடு" என்றேன். தும்மினார். கதவைச் சாத்தினார். நானே நிறுத்தினேன்.

அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "வேற ஃபைல் வெச்சுக்கலாம்மா. இது வேண்டாம்" என்றான்.

"இதுதான் வேணும்."

"தினமும் கேக்கணுமேம்மா..."

"அதுக்குத்தான் சொல்றேன்."

லேபிலிருந்து எதையும் வெளியே கொண்டுபோக முடியாது, வாசலில் சோதிப்பார்கள். அவன் மேலாளரிடம் கெஞ்சி, அந்த ஒரு ஃபைலை நகல் எடுத்துக்கொண்டு போக எனக்கு அனுமதி வாங்கிக் கையெழுத்தோடு கொண்டுவந்து கொடுத்தான். ஒரு வருடத்துக்கும் மேல் அந்தக் காகிதம் என் மேஜையில் கிடந்தது. நான் நகல் எடுக்கவில்லை.

ஏன் எடுக்கவில்லை என்று எல்லோரும் என்னைக் கேட்டுவிட்டார்கள். நீங்களும் கேட்பீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தால் கேட்டே ஆக வேண்டும். லேபில் என்றால் வேலை, பதினைந்து விநாடியில் நிறுத்திவிடலாம். வீட்டில் நிறுத்த எனக்கு என்ன சாக்கு? டயர் கதை முடிந்த பிறகு அவர் என்ன சொன்னார், நான் முழுசாகக் கேட்டேன் என்று பொய் சொன்னபோது எதற்குப் பதில் எதிர்பார்த்து நின்றார், அது தெரிந்துவிடும். தெரிந்தால் திரும்பப் பதில் சொல்ல ஆள் இல்லை. எனக்குப் பயம். இன்னொன்றும் இருந்தது. கேட்காத வரைக்கும் அவர் எனக்குச் சொல்ல ஏதோ ஒன்று மிச்சம் இருந்தது. கேட்டுவிட்டால் அவர் பேசி முடித்தவர் ஆகிவிடுவார். ஒரு நாள் தைரியம் வரும், அன்றைக்குக் கேட்போம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

பத்தாவது பதிப்பிலும் அவர் திரும்பி வந்தார். பதினொன்றிலும் வந்தார். பதினொன்றாவது ரொம்பக் கெட்டிக்காரத்தனமானது. சாவியை டிஸ்க் எந்த நொடியில் உருவாக்கியது என்பதை வைத்து நான் ஊகித்தே சாவியைச் செய்துவிட்டேன். அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான், நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். இந்த மனுஷரை யாராலும் அழிக்க முடியாது என்று எனக்கு ஒரு திமிரே வந்துவிட்டது.

பன்னிரண்டாவது பதிப்பு வந்த வாரம் லேபுக்குப் புதிய அடுக்கும் வந்தது. டிஸ்க்குகளைச் செருகி வைக்கும் அடுக்கு, எட்டு அறை. பழைய அடுக்கில் அறைகளுக்கு ஒன்று முதல் எட்டு வரை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். ஆனால் கட்டளை கொடுக்கும் புரோகிராம் சைபரிலிருந்து ஏழு வரைதான் எண்ணும். அதனால் ஸ்டிக்கரில் ஐந்து என்றால் நாங்கள் நாலு என்று தட்ட வேண்டும். மனசுக்குள் ஒன்றைக் கழித்துக் கழித்து எங்கள் விரல்களுக்கே அது பழகிப்போயிருந்தது. "இது என்ன கூத்து, ஒரு நாள் பெரிய தப்பு நடக்கப்போகுது" என்று அண்ணன் வருடக்கணக்காகக் கத்தினான். அவன் கத்தல் தாங்காமல்தான் மேலாளர் புதிய அடுக்கு வரவழைத்தார். இதில் ஸ்டிக்கரும் சைபரிலிருந்து. அண்ணன் குழந்தை மாதிரி அதைத் தடவிப் பார்த்தான்.

திங்கட்கிழமை காலை பத்து மணி இருக்கும். பழைய சோதனை டிஸ்க்குகளை ஒவ்வொரு பதிப்பு முடிந்ததும் கீழ்த்தளத்தில் நொறுக்கிவிடுவது வழக்கம், அந்தப் பட்டியலில் கையெழுத்துப் போடுவதும் நான்தான். ஆகவே அவர் குரல் இருந்தது, எங்கள் ஒலிப்பதிவுகளையெல்லாம் வைத்திருந்த மூல டிஸ்க் ஒன்றில் மட்டும். அது அறை நாலில் இருந்தது. அறை ஐந்தில் புத்தம் புதிய டிஸ்க். ஒப்பிட்டுப் பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று அண்ணன் மூல டிஸ்க்கையும் பன்னிரண்டாவது பதிப்புக்கு மாற்றியிருந்தான். புதிய டிஸ்க்குக்கு முதலில் ஒரு புதிய சாவி போட வேண்டும், பிறகு மூலத்திலிருந்து நகல் எடுக்க வேண்டும். புதிய சாவி போடுவதும் பழைய சாவியை எறிவதும் ஒரே கட்டளைதான். ஸ்டிக்கரில் ஐந்து என்று பார்த்தேன். விரல் நாலு என்று தட்டியது. நிச்சயமா என்று கேட்டது. ஆயிரம் தடவை ஆம் சொன்ன கை, ஆம் என்றது. ஒரு நொடிகூட ஆகவில்லை.

நகல் எடுக்கப் போனேன். மூல டிஸ்க்கில் ஒன்றும் இல்லை என்றது. அடுக்கைப் பார்த்தேன். ஸ்டிக்கரைப் பார்த்தேன். இதில் ஒன்றைக் கழித்திருக்கக் கூடாது.

அண்ணன் அடுத்த அறையில் இருந்தான். போய்ச் சொன்னேன். அவன் முதலில் கேட்டது, "எந்தப் பதிப்பு?"

"இப்ப அதுவா முக்கியம்? உன் மாப்பிள்ளை போயிட்டாருன்னு சொல்றேன், பதிப்பக் கேக்கறியே!" என்று கத்தினேன். மொத்த லேபும் திரும்பிப் பார்த்தது.

"எந்தப் பதிப்பும்மா?"

"பன்னெண்டு."

அவன் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு அப்போதும் அவ்வளவு பயம் வரவில்லை. பதினொரு தடவை எடுத்தவள், பன்னிரண்டாவது தடவை எடுக்க மாட்டேனா என்றுதான் நினைத்தேன். அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. அவன் என்ன செய்து வைத்திருக்கிறான் என்று அவனுக்குத் தெரியும் அல்லவா?

பத்தொன்பது நாள் உட்கார்ந்தோம். வாழ்நாள் முழுக்க ஓட்டை அடைத்தவன், என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தன் வேலையில் ஓட்டை தேடினான். உபரி மூலைகள், சர்க்யூட்டில் இருக்கும் நினைவகம், தொழிற்சாலையில் டிஸ்க்கைச் சோதிக்க விட்டிருக்கும் வழி, ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எந்தப் பக்கம் போனாலும் கதவு சாத்தியிருந்தது. ஒவ்வொரு கதவையும் சாத்தச் சொன்னவள் நான். "இதுவழியாப் போனா?" என்பான். "மூணாவது பதிப்புல நான் சொல்லி நீ அடைச்சிட்டியே" என்பேன். "அப்ப இது?" "அது ஏழாவது." இப்படியே போயிற்று. ஒரு நாள் அவன் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "எங்கயாவது தப்புப் பண்ணியிருக்கணும்மா, நான் அவ்வளவு கெட்டிக்காரன் இல்ல" என்றான். எந்தக் கண்டுபிடிப்பாளன் தன் கண்டுபிடிப்பு தோற்றுப்போக வேண்டும் என்று இப்படி ஏங்கியிருப்பான்? எனக்கு அவன்மேல் கோபமாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"அந்த அடுக்க நான் கேட்டு வாங்காம இருந்திருந்தா..." என்று ஆரம்பிப்பான். "வாய மூடு. தட்டினது என் விரலு" என்பேன். இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடப் போவோம், சாப்பிடாமல் திரும்பி வருவோம்.

இருபதாம் நாள் மேலாளர் வந்தார். நல்ல மனுஷி, குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். வெளியிலிருந்து இரண்டு குழுக்கள் இதே பதிப்பை உடைக்கப் பார்த்துத் தோற்றுவிட்டார்களாம். மீட்க முடியாது என்று என் கையெழுத்தும் இருந்தால் கண்டுபிடிப்பைப் பதிவு செய்துவிடலாமாம். "உங்களுக்குத்தான் இதுல எல்லாரையும் விட அனுபவம். நீங்க போட்டாத்தான் நம்புவாங்க. அவசரம் ஒண்ணும் இல்ல" என்று அறிக்கைத் தாளை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அண்ணன் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தான். "கையெழுத்துப் போடாதே" என்றான்.

"ஏன்?"

"இதுல ஒண்ணு மாத்தப்போறேன். டிஸ்க் சாவியை எறியும்போது ஒரு நகல் நம்ம கம்பெனிக்கு மட்டும் தெரியற மாதிரி ஒரு எடத்துல விட்டுடும். யாருக்கும் தெரியாது. உன்ன மாதிரி எத்தன பேரு கை தவறி அழிச்சிட்டு நிப்பாங்க? அவங்களுக்காவது எடுத்துக் குடுக்கலாம்ல?"

அவன் கண் சிவந்திருந்தது. பன்னிரண்டு வருட உழைப்பைத் தூக்கிப் போட என் முன்னால் வந்து நிற்கிறான். எனக்கு ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. எங்கேயோ ஒருத்தி என்னை மாதிரி நிற்பாள், அவளுக்குக் கிடைக்குமே என்று. பிறகு பற்றிக்கொண்டு வந்தது.

"உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? நமக்கு ஒரு வழி வெச்சா அந்த வழி நமக்கு மட்டுமா தெரியும்? நானே ரெண்டு மாசத்துல மோந்து கண்டுபிடிச்சிருவேன். என்ன மாதிரி மோப்பம் ஊருக்கு நாலு பேரு இருக்காங்க. அந்த ஆஸ்பத்திரிப் பொண்ணுக்காகத்தானே சாப்பிடாம கெடந்த? இப்ப என் மூஞ்சியப் பாத்ததும் அவள விட்டுடுவியா?"

"அவ யாரோ. நீ என் தங்கச்சி."

"அதுக்காக?"

நான் பேனாவை எடுத்தேன். எங்கெங்கே தேடினோம் என்று பதினெட்டு இடங்களையும் வரிசையாக எழுதினேன், எங்கும் கிடைக்கவில்லை என்று எழுதினேன், மீட்க முடியாது என்று எழுதினேன். எழுத்துத் தெளிவாகத்தான் வந்தது. கையெழுத்துப் போட்டேன். மலையடிவாரத்தில் அவர் உடம்பை வாங்கிக்கொண்டதற்கு ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேனே, அதைவிட இது கஷ்டமாக இருந்தது. அன்றைக்கு அவர் பேச இன்னும் மிச்சம் இருந்தது.

தாளை மடித்தேன். அப்போதுதான் ஒன்று தோன்றியது. இத்தனை நாள் எப்படித் தோன்றாமல் போனது என்று தெரியவில்லை. மூல டிஸ்க் முழுக்க அவன் பொறுப்பில் இருந்தது. எத்தனையோ தடவை அதை அவன் சரிபார்த்திருக்கிறான்.

"அண்ணா" என்றேன். "அந்த ஃபைல நீ எப்பவாவது முழுசாக் கேட்டிருக்கியா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"சொல்லு. கேட்டிருந்தா திட்ட மாட்டேன். சத்தியமாத் திட்ட மாட்டேன். டயர் கதைக்கு அப்புறம் அவரு என்ன சொன்னாரு? மொத்தமா வேண்டாம், அந்த ஒண்ணு மட்டும் சொல்லு."

"பதினஞ்சு செகண்டும்மா" என்றான்.

"ஒரு தடவகூட...?"

"அடுத்தவங்க வீட்டு விஷயம். கேக்கக் கூடாதுன்னு நான்தானே எழுதி ஒட்டினேன்." ஐம்பது வயது ஆள், முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதான். "ஒரு தடவ மீறியிருக்கலாம். யாரு என்னக் கேட்டிருப்பா? பாவி, ஒரே ஒரு தடவ மீறியிருக்கலாம்."

நான் அவன் தோளில் கை வைத்தேன்.

"உனக்காவது விதி இருந்துச்சுண்ணா. நான் பொண்டாட்டி. எனக்கு எந்த விதியும் இல்ல. ரெண்டு வருஷம் என் கைலயே இருந்துச்சு. நான்தான் கேக்கல."